ஊற்று கலங்கிய நேரம்

ஜெஸிந்தா என்ற பெயரை நான் முதலில் கேட்டது எரிச்சலோடுதான். யாரோ ஒரு பெண் ஊற்றுத் தண்ணீர் கலங்குகிறது என்று சொன்னாளாம், அதற்காகச் சுரங்க வேலையையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றார்கள். பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு காலை ஏழு மணிக்கு வேலைக்கு வந்தவன் நான். சும்மா உட்காரு என்றால் எப்படி இருக்கும்?

நெடுமட்டம் பெயருக்குக் குன்னூர் நகரத்தின் ஒரு பகுதி. மூவாயிரம் வீடுகள். பள்ளிக்கூடம், மாதா கோயில், மாரியம்மன் கோயில், ரேஷன் கடை எல்லாம் உண்டு. ஆஸ்பத்திரியும் கல்லூரியும் கிடையாது. அதற்கெல்லாம் குன்னூருக்குத்தான் வரவேண்டும். நேராக அளந்தால் மூன்று கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் மலைமுகடு நிற்பதால் சாலை பதினான்கு கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போகிறது. மழைக்காலத்தில் அந்தச் சாலையில் எங்காவது மண் சரியாமல் இருந்ததில்லை. ஒரு நவம்பரில் பதினொரு நாள் வழி அடைபட்டுக் கிடந்தது. ஒரு கர்ப்பிணிப் பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து, தேயிலைக்குள் இறங்கித் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அந்த ஊருக்கு ரயில் விடுவதென்று முடிவாகி, முகட்டுக்கு அடியில் இரண்டு சுரங்கங்கள் குடையத் தொடங்கினோம். சிறியது நானூறு மீட்டர். ஒரே வருடத்தில் முடிந்துவிட்டது. பெரியது ஆயிரத்து அறுநூறு மீட்டர். அதைக் குன்னூர்ப் பக்கமிருந்தும் நெடுமட்டம் பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் குடைந்துகொண்டு வந்தோம். குன்னூர்ப் பக்கத்தில் பகல் ஷிப்டுக்கு நான் போர்மேன். பெயர் வசந்தகுமார், ஊர் ஊட்டி காந்தல். பாறையில் துளை போட்டு, வெடிமருந்து வைத்து, வெடித்து, கல்லை அள்ளி, கூரைக்குச் சிமெண்ட் பூசி, மறுபடி துளை. ஒரு சுற்றுக்கு மூன்று மீட்டர் முன்னேறுவோம்.

மலைக்குள் ஓட்டை போட்டால் மலைமேல் இருக்கும் ஊற்றுகள் வற்றிப்போகலாம். அதனால் முகட்டின் மேலுள்ள ஏழு ஊற்றுகளையும் தினம் இரண்டு வேளை அளக்க ஓர் ஆள் வேண்டுமென்று தலைமைப் பொறியாளர் ஆறுமுகசாமி சார் கேட்டிருந்தார். நெடுமட்டத்துக்காரரான ஜெஸிந்தாவுக்கு அந்த வேலை கிடைத்தது. அவர் முன்பு பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். பிள்ளைகள் குறைந்து அந்தப் பள்ளியை மூடிவிட்டார்கள். நாற்பத்திரண்டு வயது இருக்கும். கணவர் சில்வஸ்டர், நெடுமட்டத்துக்கும் குன்னூருக்கும் ஜீப் ஓட்டுகிறவர்.

அவருக்கு அலுவலகத்தில் கொடுத்தது இருபது லிட்டர் வாளியும் ஒரு ஸ்டாப்வாட்சும்தான். வாளி நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று எழுதினால் போதும். ஆனால் பள்ளியை மூடும்போது வீசிப் போட்ட உயரமான கண்ணாடி அளவு ஜாடி ஒன்றை அவர் வீட்டில் வைத்திருந்தார். ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் கறுப்பு மையால் பெருக்கல் குறி போட்டு, அதன்மேல் ஜாடியை நிறுத்தி, மேலேயிருந்து பார்த்துக்கொண்டே தண்ணீர் ஊற்றுவார். தெளிந்த தண்ணீரென்றால் ஜாடி நிறைந்த பிறகும் குறி தெரியும். கலங்கியிருந்தால் பாதியிலேயே மறைந்துவிடும். எந்த உயரத்தில் மறைந்தது என்பதையும் நோட்டில் தனிக் கட்டம் போட்டு எழுதிக்கொண்டே வந்தார். அதை எழுதச் சொல்லி யாரும் அவரிடம் கேட்கவில்லை.

மார்ச் மாதத்தில் மாதா கோயிலுக்கு மேலேயுள்ள ஊற்று மட்டும் சில நேரங்களில் கலங்கத் தொடங்கியது. அரை மணி நேரம் கலங்கும், பிறகு தெளிந்துவிடும். மற்ற ஊற்றுகளை அளந்த நேரம் போக, பதினைந்து நாள் அங்கேயே உட்கார்ந்து பார்த்தார். நெடுமட்டம் பக்கத்துச் சுரங்க வாயில் சங்கு ஊதி வெடித்த பிறகுதான் ஊற்று கலங்குகிறது என்று கண்டுபிடித்து, ஆறுமுகசாமி சாரிடம் போய்ச் சொன்னார். பாறைக்குள் தண்ணீரும் சேறும் அடைத்துக்கொண்ட பிளவு ஏதாவது இருந்து, நாம் அதற்குள் வெடி வைத்துவிட்டால், உள்ளே இருக்கிறவர்கள் வெளியே வரமுடியாது. சார் அன்றே அந்தப் பக்கத்து வேலையை நிறுத்தினார்.

ஆழமாகச் சோதனைத் துளை போடும் இயந்திரம் எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. அதைக் கழற்றி லாரியில் ஏற்றி நெடுமட்டம் பக்கம் கொண்டுபோனோம். சோதனை முடியும்வரை எங்கள் பக்கத்திலும் வெடிக்கக் கூடாதென்று சொல்லிவிட்டார்கள். ஆகவே இரண்டு பக்கமும் ஆறு நாள் வேலை இல்லை. இயந்திரத்தோடு என்னையும், அதை ஓட்டுகிற மோசஸையும் அனுப்பினார்கள்.

மூன்று துளைகள் போட்டோம். நேராக ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. ஒவ்வொன்றும் நாற்பது மீட்டர். மூன்றிலும் காய்ந்த கல்தூள்தான் வந்தது.

மூன்றாவது துளை முடிந்த மதியம், ஜெஸிந்தா சுரங்க வாய்க்கு வந்தார். அப்போதுதான் அவரை முதலில் பார்த்தேன். ஒல்லியான ஆள், ஸ்வெட்டருக்குமேல் ஆண்கள் போடும் மழைக்கோட்டு, கையில் சுருட்டிய நோட்டு. நாங்கள் இருபது பேருக்குமேல் அங்கே நின்றுகொண்டிருந்தோம். சாரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார் என்று நினைத்தேன். அப்படிச் செய்யவில்லை.

"சார், நான் சொன்னது தப்பாயிடுச்சுங்க. ஆறு நாள் எல்லாரோட வேலையும் கெட்டுப்போச்சு. அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேனுங்க" என்றார்.

ஆறுமுகசாமி சார் பொள்ளாச்சிக்காரர், அதிகம் பேசாதவர். ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

"தண்ணி கலங்குனது நெசந்தானுங்களே?"

"அது நெசங்க. எதனாலன்னுதான் எனக்குத் தெரியல."

"அப்ப எழுதறத நிறுத்தாதீங்க" என்றார் சார். அவ்வளவுதான். அந்த ஆறு நாளுக்காக அவர் மேலிடத்தில் என்ன பேச்சு வாங்கினார் என்று பின்னால் தெரிந்தது. அதைப் பற்றி அவர் எங்களிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

இயந்திரத்தை மறுபடி லாரியில் ஏற்றிவிட்டு, நான் சில்வஸ்டரின் ஜீப்பில் குன்னூருக்குத் திரும்பினேன். அவர் யாருடைய கணவர் என்று ஏறிய பிறகுதான் தெரிந்தது. வழியெல்லாம் ஊரில் நடந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தார். பக்கத்து வீட்டுத் தபித்தாளின் மகள் குன்னூர்க் கல்லூரியில் படிக்கிறாள். தினம் விடிவதற்குமுன் எழுந்து ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ரேஷன் கடை வரிசையில் தபித்தாள் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாராம்: "ஏனுங்க ஜெஸிந்தா, ரயில் வந்தா உங்க ஊட்டுக்காரர் ஜீப்புல ஆள் ஏறாதுன்னுதான் தண்ணி கலங்குதா?"

"அதுக்கு அக்கா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலைங்க. ஊட்டுக்கு வந்து எங்கிட்டதான் கேட்டா, நெசமா உனக்கு ரயில் வரக் கூடாதுன்னு இருக்குதான்னு. நான் என்னத்தச் சொல்றது? இருந்துச்சு, கொஞ்சம் இருந்துச்சுன்னேன். அப்ப ரயில் விசயத்துல நீ ஒரு பக்கம் இரு, நான் ஒரு பக்கம் இருக்கறேன்னுட்டா." சொல்லிவிட்டுச் சிரித்தார். வளைவுகளை அவர் ஒரு கையால் ஒடித்துத் திருப்ப, நான் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

இறங்கும்போது, "அக்கா நம்பரக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டேன். ஏன் வாங்கினேன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அத்தனை ஆண்களுக்கு முன்னால் நின்று தப்பு என்று சொன்னவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அன்று மாலையே என் நம்பரை அனுப்பி, குன்னூர்ப் பக்கத்தில் ஏதாவது தெரிய வேண்டுமென்றால் கேளுங்கள் என்று எழுதினேன்.

இரண்டு பக்கமும் வேலை மறுபடி தொடங்கியது. ஊற்றும் மறுபடி கலங்கியது. ஜெஸிந்தா எழுதிக்கொண்டே இருந்தார், யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, நெடுமட்டம் பக்கத்துத் துளையிடும் வண்டி பழுதாகிவிட்டது. உதிரிபாகம் கோவையிலிருந்து வரவேண்டும். அந்தப் பக்கம் வெடி நின்றது. வியாழக்கிழமை மாலை நான் சுரங்கத்தைவிட்டு வெளியே வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"வசந்தகுமார் தம்பிங்களா? நான் ஜெஸிந்தா பேசறேன். நேத்து நீங்க எத்தன மணிக்கு வெடி வெச்சீங்க?"

பதிவேட்டைப் பார்த்துச் சொன்னேன். "பதினொண்ணேகாலுங்க."

"இன்னிக்கு?"

"ரெண்டே முக்கால்."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "நாளைக்கு எப்பங்க?" என்றார்.

"பத்தரைக்கு வெக்கறதா இருக்கறோம். ஏனுங்க அக்கா?"

"பாத்துட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில்தான் நாங்கள் வெடித்துவந்தோம். முன்பின் கால் மணி நேரம் இருக்கும். நெடுமட்டம் பக்கத்துச் சங்கு ஊற்றுவரை கேட்கும். எங்கள் சங்கு முகட்டுக்கு இந்தப் பக்கம், அவருக்குக் கேட்காது. அதனால் கேட்ட சங்கையே காரணம் என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார். இப்போது அந்தப் பக்கம் மூன்று நாளாக வெடியே இல்லை. ஆனாலும் புதன்கிழமை பதினொன்று நாற்பதுக்கும், வியாழக்கிழமை மூன்று பத்துக்கும் ஊற்று கலங்கியிருக்கிறது.

எங்கள் முகப்பு அந்த ஊற்றிலிருந்து அறுநூறு மீட்டர் தள்ளி இருந்தது. அவ்வளவு தூரத்துக்குப் பிளவு ஓடும் என்று யாரும் நினைக்கவில்லை. நானும்தான் நினைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வெடித்தோம். ஊற்றில் ஒன்பதரை மணியிலிருந்தே அவர் ஜாடியோடு உட்கார்ந்திருந்தார். மழைத் தூறல். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஜாடியை நிரப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து ஐம்பத்து நான்குக்குத் தண்ணீர் கலங்கியது. முந்தைய நாட்களைப்போல முக்கால் ஜாடியில் அல்ல, கால் ஜாடியிலேயே குறி மறைந்துவிட்டது. போனில் சொல்லிப் புரியவைக்க முடியாதென்று, நோட்டை மழைக்கோட்டுக்குள் செருகிக்கொண்டு இறங்கி ஓடினார். வழியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு நின்ற சில்வஸ்டரின் ஜீப்பில் ஏறி, "எல்லாரும் எறங்கிக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்றாராம். தபித்தாளும் அந்த ஜீப்பில் இருந்தார்.

எங்கள் அலுவலகம் சுரங்க வாய்க்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி அறை. அடுத்த வெடிக்கான மருந்துக்குக் கையெழுத்துப் போட நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். பன்னிரண்டு மணி சுமாருக்கு ஜெஸிந்தா உள்ளே வந்தார். முழங்கால்வரை சேறு. மேசைமேல் நோட்டை விரித்துவைத்தார்.

"சார், போன தடவ தப்பாச் சொன்னவதான் வந்திருக்கறேன். கேக்க இஷ்டமில்லைன்னா போயிடறேனுங்க."

"உக்காருங்க" என்றார் சார்.

அவர் உட்காரவில்லை. விரலை வைத்து வரிசையாகக் காட்டினார். புதன், வியாழன், இன்று. வெடித்த நேரம், கலங்கிய நேரம். இடைவெளி முதல் இரண்டு நாளும் இருபத்தைந்து நிமிடம், இன்று இருபத்து நான்கு. குறி மறைந்த உயரம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது. சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நேரம் சரியா?" என்றார்.

"சரிங்க சார். நேத்து நான்தான் சொன்னேன்."

அவர் ஜெஸிந்தாவிடம் இன்னும் ஒன்று கேட்டார். "இந்தத் தடவயும் இல்லைன்னா?"

"இல்லைன்னா மறுபடி வந்து தப்புன்னு சொல்றேனுங்க. என்னைப் பேசறதுக்குப் புதுசா ஒண்ணும் மிச்சமில்லைங்க. உள்ள பதினோரு பேர் இருக்கறாங்களே."

சார் எழுந்து, நான் கையெழுத்துப் போட்ட மருந்துச் சீட்டைக் கிழித்தார். வாக்கிடாக்கியை எடுத்து, உள்ளே இருந்த எல்லோரையும் வெளியே வரச் சொன்னார்.

வழக்கமான சோதனைத் துளையை நாங்கள் நேராகத்தான் போடுவோம். அன்று சார் வரைபடத்தில் ஊற்றையும் எங்கள் முகப்பையும் ஒரு கோட்டால் சேர்த்து, அந்தக் கோணத்தில், வலப்பக்கம் மேல்நோக்கிப் போடச் சொன்னார். துளையின் வாயில் கனத்த இரும்புக் குழாயும் அடைப்பு வால்வும் பொருத்தின பிறகுதான் தொடங்க வேண்டும் என்றும் சொன்னார். அதற்கு மறுநாள் காலை ஆகிவிட்டது. முகப்பில் மூன்று பேர் மட்டும் நின்றோம். மோசஸ், நான், சார்.

பத்து மீட்டர் காய்ந்த தூள். பன்னிரண்டு மீட்டர் காய்ந்த தூள். மோசஸ் என்னைத் திரும்பிப் பார்த்தான். பதினான்காவது மீட்டரில் துளைக்கம்பி திடீரென்று தானாக உள்ளே போனது, அடுத்த நொடி பின்னால் தள்ளிக்கொண்டு வந்தது. பழுப்பு நிறத் தண்ணீர் சுரங்கத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் பீறிட்டு அடித்தது. கூழாங்கல்லும் சேறும் அதில் வந்தன. மோசஸ் குனிந்து விலகிக்கொண்டான். பத்து நிமிடத்துக்குமேல் போராடி, நானும் அவனும் சேர்ந்து வால்வைத் திருகி அடைத்தோம். ஒரு உள்ளங்கை அகலத் துளையிலிருந்து வந்த வேகம் அது. அந்தப் பிளவு கூரைக்குமேல் சாய்வாகக் கிடந்தது. நேராகப் போகும் துளைக்கு அது தட்டுப்பட்டிருக்காது. இன்னும் நான்கு வெடி வைத்திருந்தால் கூரை தாங்கியிருக்காது. கணக்குப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை பகல் ஷிப்டு. என்னுடைய ஷிப்டு.

நனைந்த உடம்போடு வெளியே வந்தால் போன் அடித்தது. ஜெஸிந்தா.

"தம்பி, ஊற்று பாதியாக் கொறஞ்சு இப்பதான் மறுபடி ஏறுது. அங்க ஏதாச்சும் பண்ணீங்களா?"

"பண்ணோமுங்க அக்கா. அடச்சுட்டோம்" என்றேன். சார் போனை வாங்கி, "தண்ணி கெடச்சுதுங்க" என்று சொன்னார். "எல்லாரும் வெளிய வந்துட்டாங்களா?" என்று அவர் கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

அந்தப் பிளவைச் சுற்றி நூறுக்கு மேற்பட்ட துளைகள் போட்டு, சிமெண்ட் பாலை அழுத்தத்தோடு உள்ளே செலுத்திப் பாறையைக் கெட்டிப்படுத்தினோம். ஒன்பது வாரம் பிடித்தது. முழுக்க வடித்துவிட்டால் வேலை சுலபம். ஆனால் வடித்தால் ஊற்று வற்றும், ஊற்றுக்குக் கீழே இருநூறு வீடுகள். ஆகவே ஒவ்வொரு துளையையும் அடைத்த பிறகு சார் எனக்கு ஜாடை காட்டுவார், நான் ஜெஸிந்தாவுக்குப் போன் போடுவேன். "அம்பத்திரெண்டு நொடி, குறி தெளிவாத் தெரியுதுங்க" என்பார் அவர். அதற்குப் பிறகுதான் அடுத்த துளை. ஆனி, ஆடி மழை முழுக்க அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு வேலை செய்தோம். ஒரு நாள்கூட, எவ்வளவு காற்றடித்தாலும், அவர் போனை எடுக்காமல் இருந்ததில்லை.

நடந்தது ஊரில் தெரிந்த பிறகு தபித்தாள் ஜெஸிந்தாவின் வீட்டுக்குப் போனாராம். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. காலையில் ஊற்றுக்கு ஏறும்போது வாளியை நான் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றாராம். அந்த மழை முடியும்வரை தூக்கினார்.

டிசம்பரில் இரண்டு பக்கமும் சந்தித்தோம். கடைசிச் சுவர் விழுந்து தூசி அடங்கியதும், அந்தப் பக்கத்து ஆட்கள் கைவிளக்கோடு நிற்பது தெரிந்தது. ஆயிரத்து அறுநூறு மீட்டரில் இரண்டு பக்கத்து மையக் கோடுகளுக்கும் நடுவே நான்கு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஆறுமுகசாமி சார் இடிந்த கல்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினார். நெடுமட்டம் வாயில் நின்ற கூட்டத்தில் ஜெஸிந்தாவைத் தேடிப் பிடித்து, தன் ஹெல்மெட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார்.

தண்டவாளம் போட்டு, சோதனை ஓட்டமெல்லாம் முடிந்து, அதற்கும் அடுத்த வருடம் தை மாதத்தில் ரயில் ஓடத் தொடங்கியது. நான் அதற்குள் வேறு வேலைக்கு வடக்கே போய்விட்டேன். லீவில் வந்தபோது, ஜெஸிந்தா அக்காவோடு நெடுமட்டத்தில் ஏறினேன். அவர் அதுவரை அந்த ரயிலில் போனதில்லை. ஊற்று வேலையே சரியாக இருக்கிறது, ரயில் ஓடினாலும் ஐந்து வருடம் அளக்க வேண்டுமென்று சார் எழுதிவைத்துவிட்டார் என்றார். சில்வஸ்டர் இப்போது ஸ்டேஷனிலிருந்து மேலேயுள்ள தேயிலைத் தோட்ட லைன் வீடுகளுக்கு ஜீப் ஓட்டுகிறார். முன்பைவிடக் குறைந்த தூரம், ஆனால் நாள் முழுக்க ஆள் இருக்கிறது.

பெட்டி நிறையக் கல்லூரிப் பெண்கள். டயாலிசிஸுக்குப் போகிற ஒரு பெரியவர் ஜன்னலோரம் செய்தித்தாளை மடித்துப் படித்துக்கொண்டிருந்தார். வண்டி பெரிய சுரங்கத்துக்குள் நுழைந்ததும் நான் ஜன்னலோரம் நகர்ந்து, அக்காவையும் பார்க்கச் சொன்னேன். தண்ணீர் பீறிட்ட அந்த இடத்தை அவருக்குக் காட்ட வேண்டுமென்று வடக்கிலிருந்து வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

உள்ளே எல்லாம் ஒரே மாதிரி வழவழப்பான கான்கிரீட் சுவர். விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன.

"எங்கீங்க தம்பி?" என்றார்.

"இருங்க அக்கா, இப்ப வரும். சுவர்ல நம்பர் இருக்கும்."

நான் நம்பரைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பெட்டிக்குள் வெளிச்சம் வந்துவிட்டது. தேயிலையும், அதற்குக் கீழே குன்னூர் வீடுகளின் தகரக் கூரைகளும் தெரிந்தன.

"கடந்துட்டோமுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, திரும்புகிற வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டார். மாலை அளக்கும் நேரத்துக்குள் மேலே ஊற்றில் இருக்க வேண்டுமாம்.